சில சிறிய கவலைகள்

ஆம்பூர்
18 ஜனவரி 2024

பாய்ஜானுக்கு அம்பரீன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கே எல்லோரும் சுகம். பனி இறங்கியதிலிருந்து அப்பாவுக்கு மூட்டு வலி ஜாஸ்தி. அம்மிக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் கட்டுக்குள் இல்லை. லெஸ்டரில் குளிரை எப்படித் தாங்குகிறாய்? போனில் கேட்டால் அம்மி பிடுங்கிக்கொண்டு "சாப்ட்டியா, இன்னா சாப்ட்ட" என்பதிலேயே முடித்துவிடுகிறார். அதனால்தான் மெயிலில் எழுதுகிறேன். நீயும் எழுது. பிரிண்ட் எடுத்துத் தந்தால் அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தரம் படிப்பார்.

ஒரு நல்ல செய்தி. ஷூ கம்பெனியில் என்னை மெர்ச்சண்டைசர் ஆக்கியிருக்கிறார்கள். இங்கிலாந்து பிராண்டுக்காரர்களுக்குப் பதில் எழுதுவது இனி என் வேலை. முதல் வாரமே சிக்கல். தோலெல்லாம் வெட்டி முடித்த பிறகு கலரை மாற்றச் சொல்கிறார்கள். "ஐ டிஸக்ரீ" என்று எழுதி மேனேஜர் கலீமுல்லா சாரிடம் காட்டினேன். "இன்னாம்மா இது, சண்டைக்குக் கூப்பிடற மாதிரி இருக்கே? உங்க அண்ணன் அங்கதானே கீறான், அவனக் கேளு" என்றார்.

டிக்‌ஷனரியில் சொல்லுக்குப் பொருள் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் எந்தச் சொல்லை உட்கார வைப்பது என்று இல்லை. நீதான் சொல்ல வேண்டும்.

உன் தங்கை,
அம்பரீன்


லெஸ்டர்
21 ஜனவரி 2024

அன்புள்ள அம்பரீனுக்கு, வ அலைக்கும் ஸலாம்.

நான் நலம். குளிரைத் தாங்கவில்லை, பழகிவிட்டேன். உன் பதவி உயர்வைப் படித்து குடோனில் பெட்டி அடுக்கிக்கொண்டே சிரித்தேன். பக்கத்தில் இருந்தவன் என்ன என்று கேட்டான். என் தங்கை மேலே போகிறாள் என்றேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். இங்கே டிஸக்ரீ என்ற சொல்லைத் தனியாகத் தெருவுக்கு அனுப்ப மாட்டார்கள். முன்னால் ஒரு துணை போகும். "ஐ ஆம் அஃப்ரெய்ட்" என்று ஆரம்பிப்பார்கள், பயம் ஒன்றும் இருக்காது. "ஐ ஸீ யுவர் பாயிண்ட், பட்" என்றால் அந்தப் "பட்" வரை சொன்னதெல்லாம் கணக்கிலேயே இல்லை. "நாட் என்டயர்லி ஷ்யூர்" என்றால் இல்லவே இல்லை என்று அர்த்தம். "வித் ரெஸ்பெக்ட்" என்றால் மரியாதை தீர்ந்துபோய்விட்டது. "ஸ்ட்ராங்லி", "டோட்டலி", "கம்ப்ளீட்லி" இந்த மூன்றையும் டிஸக்ரீயோடு சேர்க்கவே சேர்க்காதே, கதவை உதைக்கிற மாதிரி. "ரெஸ்பெக்ட்ஃபுல்லி" பாதுகாப்பானது. யாரையும் சுடாது.

வந்த புதிதில் நான் ஒரு யோசனை சொன்னேன். சூப்பர்வைசர் "வெரி இன்ட்ரஸ்டிங்" என்றான். ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தேன். அதற்குப் பெயர் மறுப்பு என்று பிறகுதான் தெரிந்தது.

என் விசா செப்டம்பர் வரைதான். ஸ்பான்சர் செய்கிற கம்பெனி கிடைக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். இந்தப் பாராவை மட்டும் அப்பாவுக்குப் பிரிண்ட் எடுக்காதே. அம்மிக்கு என் சலாம்.

தபரேஸ்


ஆம்பூர்
9 பிப்ரவரி 2024

பாய்ஜானுக்கு ஸலாம். உடம்பு எப்படி இருக்கிறது? விசாவுக்காக அம்மி தெரியாமலே துஆ செய்கிறார். எதற்கென்று சொல்லாமல் செய்யச் சொல்லியிருக்கிறேன்.

கலர் விஷயம் ஜெயித்தது! "வி ஸீ யுவர் பாயிண்ட்" என்று ஆரம்பித்து எழுதினேன், ஒத்துக்கொண்டார்கள். கலீமுல்லா சார் டீ வாங்கித் தந்தார்.

இப்போது அதைவிடப் பெரியது வந்திருக்கிறது. சங்கீதாவைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன் அல்லவா? ஆலங்காயத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருவாள், பேஸ்டிங் செக்‌ஷன். ஷூவின் மேல்பாகத் துண்டுகளுக்குச் சொல்யூஷன், அதாவது பசை, தடவி ஒட்டுகிற வேலை. மதியம் என்னோடுதான் சாப்பிடுவாள். ஆர்டரை ஒரு மாதம் முன்னாலேயே முடிக்க வேண்டும், அதற்குச் சீக்கிரம் காய்கிற வேறொரு சொல்யூஷனைப் பயன்படுத்துங்கள் என்று பிராண்டுக்காரர்கள் அவர்களே ஒன்றைச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இந்த வாரம் போட்டுப் பார்த்தோம். பெண்களுக்குத் தலை சுற்றுகிறது, வாந்தி. ஒரு பெண் மயங்கி விழுந்தாள். காற்றோட்டமான இடத்தில் மட்டும் பயன்படுத்தவும் என்று டின்மேலேயே போட்டிருக்கிறது. எங்கள் அறையில் இரண்டு ஃபேன், அதில் ஒன்று ஓடாது.

கலீமுல்லா சாருக்கும் மனசில்லை. "வேணாம்னு எழுது. ஆனா வேணாம்னு தெரியக்கூடாது" என்கிறார். நான் இப்படி எழுதியிருக்கிறேன்: "இந்தச் சொல்யூஷனை நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. எங்கள் பெண்களின் உடம்புக்கு ஆகவில்லை." இதை இங்கிலீஷில் திருத்திக் கொடு. சீக்கிரம்.

அம்பரீன்


லெஸ்டர்
27 பிப்ரவரி 2024

அன்புள்ள அம்பரீனுக்கு ஸலாம்.

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். இன்டர்வியூக்கள். நான் சுகமாக இருக்கிறேன், தூக்கம்தான் கம்மி. அப்பாவின் மூட்டுக்கு ஒரு தைலம் வாங்கி வைத்திருக்கிறேன், ஆள் கிடைத்தால் கொடுத்தனுப்புகிறேன்.

உன் வரி மிகவும் காட்டம். ஒப்புக்கொள்ளவில்லை என்று எழுதினால் அங்கே உட்கார்ந்திருப்பவன் மனதில் என்ன ஓடும்? இந்த சப்ளையர் பேஜார், வேறு ஊரைப் பார்ப்போம் என்றுதான். "சீரியஸ் கன்சர்ன்ஸ்" என்று போட்டாலும் அவர்களுடைய வக்கீல் மேஜைக்குப் போய்விடும், ஆர்டர் நிற்கும், அந்தப் பெண்களுக்கே வேலை இருக்காது. "வி ஹேவ் எ ஃப்யூ மைனர் கன்சர்ன்ஸ்" என்று எழுது. சில சிறிய கவலைகள். படிக்கிறவனுக்கு உள்ளே இருப்பது புரியும். இங்கே அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள்.

இன்னொன்று. அது எந்த பிராண்டு என்று நீ எழுதவே இல்லையே. எழுது.

தபரேஸ்


ஆம்பூர்
20 மார்ச் 2024

பாய்ஜானுக்கு ஸலாம். ரமலான் முபாரக். அங்கே நோன்பு திறக்க யாராவது துணை இருக்கிறார்களா? இங்கே தெரு முழுக்கக் கஞ்சி வாசம். அம்மி உன் பங்குக்கும் ஒரு கிண்ணம் ஊற்றி வைத்து, பிறகு தானே குடிக்கிறார்.

நீ கேட்ட பிராண்டின் பெயர் பெட்டி மூடியில் இருக்கிறது. படம் எடுத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

நீ சொன்ன வரியை அப்படியே அனுப்பினேன். ஒரே வரியில் பதில் வந்தது: "நோட்டட் வித் தேங்க்ஸ். ப்ளீஸ் ப்ரொசீட்." கவனித்தோம், நன்றி, தொடருங்கள். அன்று மதியமே பழைய சொல்யூஷன் டின்களை எடுத்துவிட்டார்கள்.

"எழுதனியா? இன்னா சொன்னாங்க?" என்று சங்கீதா கேட்டாள்.

"கவனிச்சிக்கிட்டாங்களாம்."

"கவனிச்சி?"

பாய்ஜான், உள்ளே இருப்பது புரியும் என்று எழுதியிருந்தாயே, இது புரிந்தவர்கள் எழுதுகிற பதிலா? அடுத்து என்ன எழுத வேண்டும்? உடனே சொல்.

அம்பரீன்


லெஸ்டர்
12 ஏப்ரல் 2024

அன்புள்ள அம்பரீனுக்கும் அப்பா, அம்மிக்கும் ஈத் முபாரக்.

நல்ல செய்தியோடு எழுதுகிறேன். வேலை கிடைத்துவிட்டது. ஸ்பான்சர் செய்கிறார்கள். விசாவைப் பற்றி இனிக் கவலை இல்லை, அப்பாவிடம் இப்போது எல்லாவற்றையும் சொல்லலாம். ஷூ சம்பந்தப்பட்ட கம்பெனிதான், படித்த படிப்பு வீணாகவில்லை. விவரமெல்லாம் பிறகு எழுதுகிறேன். பெருநாளன்று இங்கே நான்கு பேர் சேர்ந்து பிரியாணி செய்தோம். அரிசி குழைந்துவிட்டது. அம்மி கையால் சாப்பிட வேண்டும் போலிருந்தது.

சொல்யூஷன் விஷயத்தில் கொஞ்சம் பொறுமையாக இரு. எல்லாவற்றுக்கும் உடனே மறுத்து எழுதிக்கொண்டிருந்தால் எழுத்துக்கு மதிப்பு இருக்காது. வெயில் ஆரம்பித்திருக்கும், உடம்பைப் பார்த்துக்கொள்.

தபரேஸ்


ஆம்பூர்
29 மே 2024

பாய்ஜானுக்கு ஸலாம். நலம்தானே? அப்பா உன் வேலைச் செய்தியைப் பிரிண்ட் எடுத்துத் தெருவில் பாதிப் பேருக்குக் காட்டிவிட்டார். எந்தக் கம்பெனி என்று கேட்கிறவர்களுக்குத்தான் பதில் சொல்ல முடியவில்லை.

நான் எழுத வந்தது வேறு. திங்கள் காலையில் சங்கீதா பஸ்ஸிலிருந்து இறங்கி கேட்டுக்கு நடந்து வந்தாள். ஒரு செருப்பு பஸ் படிக்குப் பக்கத்திலேயே கிடந்தது.

"இன்னாடி, செருப்பு எங்க?" என்று கத்தினேன்.

அவள் குனிந்து பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

"தாரு ரோடுடி. சுடலயா?"

"தெரிலயே அம்பரீன்" என்றாள். சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

ஒரு மாதமாகவே கால்விரல் மரத்திருக்கிறது. வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்று வாயைத் திறக்கவில்லை. வேலூர் ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிப்போனேன். நரம்புக்குக் கரண்ட் வைத்துப் பார்த்தார்கள். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, என்ன வேலை. இரண்டாவது, என்ன பசை. அந்தப் பசையின் பக்கமே இனிப் போகக் கூடாது, நரம்பு திரும்பி வர வருஷக் கணக்கில் ஆகலாம், முழுசாக வருமா என்று சொல்ல முடியாது என்றார். அதே செக்‌ஷனில் இன்னும் இரண்டு பெண்களுக்கு இப்படி ஆரம்பித்திருக்கிறது.

இப்போது எந்தச் சொல்லைப் பக்கத்தில் உட்கார வைப்பது, பாய்ஜான்? மைனர் இனிப் பொருந்தாது. இன்றைக்கே பதில் எழுது.

அம்பரீன்


ஆம்பூர்
24 ஜூன் 2024

தபரேஸ் பாய்க்கு.

இங்கே எல்லோரும் சுகம். பக்ரீத் நல்லபடியாக முடிந்தது. போன மாதம் எழுதியதற்கு நீ பதில் எழுதவில்லை. ஏன் என்று வெள்ளிக்கிழமை தெரிந்துகொண்டேன்.

பேஸ்டிங் பெண்களைப் பற்றி பிராண்டுக்காரர்களோடு வீடியோவில் பேச்சு என்று கலீமுல்லா சார் என்னைக் கூப்பிட்டார். அவருக்கு அவர்கள் பேசுகிற வேகம் பிடிபடாது, நான் காதோரம் சொல்ல வேண்டும். கேமராவில் விழாமல், சார் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒதுங்கி உட்கார்ந்திருந்தேன். அதனால்தான் உனக்கு நான் தெரியவில்லை.

திரையில் ஐந்து கட்டங்கள். நான்கில் முகம், ஒன்றில் இருட்டு. பிராண்டுக்காகப் பேசிய இங்கிலீஷ் அம்மாள் மிகவும் கனிவாகப் பேசினார். கேள்விப்பட்டதும் மனது கஷ்டப்பட்டதாம். ஆனால் சொல்யூஷனைப் பற்றி சப்ளையரிடமிருந்து வந்த கடிதத்தில் "மைனர் கன்சர்ன்ஸ்" என்று மட்டும்தான் இருந்ததாம். அதைத் திரையிலேயே காட்டினார், மஞ்சள் கோடு போட்டு. பிறகு இருட்டுக் கட்டத்தைப் பார்த்துக் கேட்டார்: "டபரேஸ், நீங்கள் அந்த ஊர்க்காரர். பிரச்சினை சொல்யூஷனில் இல்லை, தொழிற்சாலையின் காற்றோட்டத்தில்தான் என்று எங்கள் அறிக்கையில் எழுதினால் சரியாக இருக்குமா?"

அந்தக் கட்டத்தில் மைக் திறந்தது. பிறகு உன் குரல் வந்தது.

"ஐ வுட்ன்ட் டிஸக்ரீ."

கலீமுல்லா சார் என் பக்கம் சாய்ந்தார். "இன்னாம்மா சொன்னான்?"

"ஆமான்றான் சார்."

"யாரு அது? நம்ம ஊரு ஆளுன்றாங்களே?"

"தெரியாது சார்" என்றேன்.

இருபத்தாறு வருஷம் ஒரே வீட்டில் கேட்ட குரல். அதைத் தெரியாது என்று சொன்னேன்.

ஒன்று மட்டும் சொல். மைனர் என்று எனக்கு எழுதிக் கொடுத்தபோது அங்கே இன்டர்வியூ முடிந்திருந்ததா?

அம்பரீன்


லெஸ்டர்
28 ஜூலை 2024

அன்புள்ள அம்பரீனுக்கு ஸலாம். எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பதில் எழுத நாளாகிவிட்டது. வேலைப் பளு. அந்த அறையில் நீ இருந்தாய் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் வேறு எதையும் சொல்லியிருக்க முடியாது. சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாதவன், அத்தனை பேர் முன்னால், எங்கள் கம்பெனி சொன்ன பசைதான் தப்பு என்று சொல்ல முடியுமா? அதோடு உங்கள் அறையில் ஒரு ஃபேன் ஓடவில்லை என்று எழுதியது நீதான். நான் பொய் சொல்லவில்லை.

நான் உனக்கு எழுதிக் கொடுத்தது ஒரு வரி. கம்பெனி லெட்டரில் அதை அனுப்பியது நீங்கள். இன்டர்வியூ தேதிகளையெல்லாம் நான் இப்போது தேடிக்கொண்டிருக்க முடியாது. இங்கே என் நிலைமை உனக்குத் தெரியாது. இந்த விஷயத்தில் நீ ஒரு பக்கம் நின்று பார்க்கிறாய், நான் ஒரு பக்கம் நின்று பார்க்கிறேன். நம் இருவருக்கும் கருத்து ஒத்துப்போகாது என்பதையாவது ஒத்துக்கொண்டு இதை இத்தோடு விட்டுவிடுவோம். அண்ணன் தங்கைக்கு நடுவே இதெல்லாம் வர வேண்டாம்.

அந்தப் பெண் சீக்கிரம் குணமாக துஆ செய்கிறேன். டிசம்பரில் லீவு கிடைத்தால் வருகிறேன். அப்பாவிடம் சொல்.

தபரேஸ்


ஆம்பூர்
5 ஆகஸ்ட் 2024

தபரேஸ் பாய்க்கு.

அந்தப் பெண்ணுக்குப் பெயர் இருக்கிறது. சங்கீதா.

நான் அந்த அம்மாளுக்கு என் பெயரிலேயே மெயில் அனுப்பிவிட்டேன். டாக்டர் எழுதியதையும் இணைத்தேன். துணைக்கு எந்தச் சொல்லையும் சேர்க்கவில்லை. நீங்கள் சொல்லி அனுப்பிய பசையால்தான் இவர்களுக்குக் காலில் உணர்வு போனது, உங்கள் அறிக்கையை நான் மறுக்கிறேன் என்று எழுதினேன். மறுநாளே கலீமுல்லா சார் கூப்பிட்டார். "நீ எழுதனது கரெக்டுதாம்மா. ஆனா என்னால உன்ன வேலைல வெச்சிக்க முடியாது" என்றார். கண் கலங்கித்தான் சொன்னார். வேலையை விட்டு வந்துவிட்டேன். வாணியம்பாடியில் பரணிதரன் என்று ஒரு வக்கீல், மூன்று பெண்களுக்காகவும் உங்கள் கம்பெனிக்கு நோட்டீஸ் அனுப்புகிறார். இங்கிலீஷ் நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

பழைய சொல்யூஷன் திரும்பி வந்துவிட்டது. ஆர்டர் பாதியாகிவிட்டது. பேஸ்டிங்கில் பதினோரு பேரை நிறுத்தினார்கள். அவர்களில் இரண்டு பேர் பஜாரில் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். நீ சொன்னது பலித்தது என்று சந்தோஷப்படு.

உன் கடிதத்தை அப்பாவுக்குப் பிரிண்ட் எடுக்கவில்லை. "தபரேஸ் எழுதலயா?" என்று தினம் கேட்கிறார். வேலை ஜாஸ்தி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அம்பரீன்


ஆம்பூர்
17 நவம்பர் 2024

தபரேஸ் பாய்க்கு.

அப்பா, அம்மி சுகம். நான் மேல்விஷாரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கப் போகிறேன்.

மூன்று மாதமாக நீ எழுதவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். எழுதியிருக்கிறாய். வக்கீல் நோட்டீசுக்கு உங்கள் கம்பெனியிலிருந்து பதில் வந்திருக்கிறது. இரண்டு பக்கம். கீழே இந்திய சப்ளையர் உறவுகள் என்று போட்டு உன் பெயர், உன் கையெழுத்து. அப்பாவின் ஆஸ்பத்திரி ஃபாரத்தில் நீ போட்டுத் தந்த அதே கையெழுத்து.

நேற்று சங்கீதா அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். ஆலங்காயத்திலிருந்து வாணியம்பாடி, அங்கே வக்கீல் ஆபீசில் அதை வாங்கிக்கொண்டு ஆம்பூர், இரண்டு பஸ். கைத்தடி ஊன்றித்தான் நடக்கிறாள், படி ஏறும்போது காலைப் பார்த்துப் பார்த்து வைக்கிறாள். அம்மி டீ கொடுத்தார். "படிச்சி சொல்லு, உன் வாயால கேட்டாத்தான் எனக்கு ஆவும்" என்றாள்.

படித்துச் சொன்னேன். உங்களுக்கு நேர்ந்ததை அறிந்து ஆழ்ந்த வருத்தம் அடைந்தோம் என்று இருந்தது. அவள் தலையை ஆட்டினாள். தொழிலாளர்களின் நலனை மிக மிக முக்கியமாகக் கருதுகிறோம் என்று இருந்தது. அவள் முகம் கொஞ்சம் மலர்ந்தது. தாங்கள் எழுப்பிய கருத்துகளைக் கவனமாகப் பரிசீலித்தோம், அவற்றின் நியாயத்தைப் புரிந்துகொள்கிறோம் என்று இருந்தது.

"அப்போ ஒத்துக்கினாங்களா?" என்றாள்.

"இரு" என்றேன்.

பக்கத்தைத் திருப்பினால் அந்த வரி. ரெஸ்பெக்ட்ஃபுல்லி டிஸக்ரீ. யாரையும் சுடாது என்று நீ சொன்ன சொல். எப்படித் தமிழில் சொல்வது என்று கொஞ்ச நேரம் யோசித்தேன்.

"மரியாதையோட ஒத்துக்கலயாம்."

"அப்படின்னா?"

"இல்லன்றாங்க சங்கீதா. எதுவும் கெடையாது."

அவள் டீயை முழுசாகக் குடித்து முடித்தாள். காகிதத்தை என் கையிலிருந்து வாங்கி மடித்தாள்.

"யாரு எழுதனது இத்த?"

அம்மி சமையலறையில்தான் இருந்தார். அப்பா கட்டிலில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று தெரியாது என்று ஒரு தரம் சொன்னேன். இன்னொரு தரம் என்னால் முடியவில்லை.

"எங்க அண்ணன்" என்றேன்.

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. சங்கீதா திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. என்னைத்தான் பார்த்தாள், பரிதாபமாக.

"அவருக்குத் தமிழ் தெரியும் இல்ல?" என்றாள்.

"தெரியும்."

"அப்போ இல்லன்னு தமிழ்லயே ஒரு வார்த்த எழுதியிருக்கலாமே. ரெண்டு பக்கம் கீதே, ஏதோ கொஞ்சமாவது ஒத்துக்கினு இருப்பாங்கன்னு இவ்ளோ தூரம் தூக்கினு வந்தேன்."

இப்படிக்கு,
அம்பரீன்